புழுவுக்குத் தழை தவறியதில்லை, ஆய்வேடு மட்டும் ஏன் தள்ளிப்போகிறது?

வாசகியின் கடிதம்

பாலக்கோட்டுக்கு அருகே ஒரு சிற்றூரிலிருந்து எழுதியிருக்கும் இந்த வாசகிக்கு வயது 22. தருமபுரியில் உள்ள ஒரு கல்லூரியில் முதுகலைப் பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்தான். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் மல்பெரித் தோட்டமும் ஒரு பட்டுப்புழு மனையும் இருக்கின்றன. பாலக்கோடு வட்டாரத் தக்காளி விவசாயிகள் விலை ஏற்ற இறக்கத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது அவருடைய ஆய்வேட்டின் தலைப்பு. ஒப்படைக்க இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது.

60 விவசாயிகளை நேரில் பார்த்து வினாப்படிவங்களை நிரப்பி வாங்கியிருக்கிறார். அதோடு வேலை நின்றுவிட்டது. படிவக் கட்டு இரண்டு மாதமாகப் பீரோவின் மேல் ஒரு மஞ்சள் பைக்குள் கிடக்கிறது. அவற்றில் 11 படிவங்களில் சில கேள்விகள் விடுபட்டிருப்பதைக் கண்ட நாளிலிருந்து அந்தப் பையைத் தொடவில்லை என்று எழுதியிருக்கிறார். முதல் இயல் முடிந்திருக்கிறது, இரண்டாவது பாதியில் நிற்கிறது. முதலாம் ஆண்டுப் புள்ளியியல் தாள் அரியராக இருக்கிறது. வழிகாட்டிப் பேராசிரியர் எதிரே வருவது தெரிந்தால் வேறு படிக்கட்டு வழியாக இறங்கிவிடுகிறார். இரவு ஒரு மணி வரை கைபேசி, காலை ஐந்து மணிக்குத் தழை அறுக்கும் வேலை.

"நான் பிறவிச் சோம்பேறியா, இதற்கு மருந்து உண்டா?" என்பது முதல் கேள்வி. பேருந்து நிலையம் அருகே ஒரு கணினி மையத்தில் 4,000 ரூபாய் கொடுத்தால் முழு ஆய்வேட்டையும் செய்து தருகிறார்களாம், வாங்கினால் என்ன தவறு என்பது இரண்டாவது. படிப்பை நிறுத்திவிட்டுப் பிறகு அஞ்சல் வழியில் முடித்துக்கொள்ளலாமா, கைபேசியை அப்பாவிடம் கொடுத்துவிடலாமா என்றும் கேட்கிறார். "நெருக்கடி வந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும்" என்று ஓரிடத்திலும், "சில ராத்திரி, காலையில் எழுந்திருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறது" என்று இன்னோரிடத்திலும் எழுதியிருக்கிறார்.

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோனதிலிருந்தே தொடங்குகிறேன். காலையில் எழுந்திருக்க வேண்டாம் என்று தோன்றுவது வெறும் களைப்பாலா, அல்லது உயிரோடு இருக்கவே வேண்டாம் என்ற எண்ணத்தாலா என்பதைக் கடிதத்தை வைத்து என்னால் முடிவு செய்ய இயலாது. ஆகவே நேராகக் கேட்கிறேன்: சாக வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கு வருகிறதா? வருகிறது என்றால் இந்தப் பதிலின் மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இப்போதே வீட்டில் நீங்கள் நம்பும் ஒருவரிடம் சொல்லிவிட்டு, 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அப்படி எண்ணம் இல்லை, ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு செல்லவில்லை, முன்பு மகிழ்ச்சி தந்தவை எல்லாம் வெறுத்துப்போயின என்றாலும், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் வேண்டாம். நோயாளியின் விவரங்களை இரகசியமாகக் காப்பது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்களுக்குத் தந்திருக்கும் உரிமை. மனச்சோர்வு இருந்தால் அதற்குச் சிகிச்சை வேண்டும். சோர்ந்திருக்கும் மனத்தை வைத்துக்கொண்டு கால அட்டவணை போடுவதில் பயன் குறைவு.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

நீங்கள் சோம்பேறி என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே சான்று இல்லை

பட்டுப்புழு வளர்ப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை. கூடு கட்டுவதற்கு முந்தைய ஐந்தாம் பருவத்துப் புழு ஏறக்குறைய ஒரு வாரத்தில் தின்னும் தழை, அது பிறந்ததிலிருந்து அதுவரை தின்றதைப் போலப் பல மடங்கு. அந்த வாரத்தில் ஒரு வேளைத் தழை தப்பினாலும் கூட்டின் எடையில் தெரிந்துவிடும். அந்தப் பருவத்தில் ஒரு நாள்கூட நான் தழை அறுக்கத் தவறியதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இருட்டில் எழுந்து, ஈரத் தழையைச் சுமந்து வந்து, தட்டுத் தட்டாகப் பரப்பிவிட்டு, பிறகு பேருந்து பிடித்துக் கல்லூரிக்குப் போகிற ஒருவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கும் வரக்கூடாது.

திருவள்ளுவர் மடியின்மை அதிகாரத்தின் 605ஆம் குறளில் கெடுபவர் விரும்பி ஏறும் கலங்களாக நான்கைச் சொல்கிறார்: நெடுநீர், மறவி, மடி, துயில். செய்ய வேண்டியதைக் காலம் நீட்டித்துக்கொண்டே போவது நெடுநீர், சோம்பல் மடி. இரண்டையும் ஒன்றாகக் கருதியிருந்தால் அவர் தனித்தனியே எண்ணியிருக்க மாட்டார். இந்த வேறுபாடு உங்களுக்கு முக்கியம். சோம்பல் உள்ளவருக்கு எந்த வேலையும் வேண்டாம். உங்களுக்கோ ஒரே ஒரு வேலைதான் ஆகவில்லை, அதையும் செய்யாமல் விட்ட இரவுகளில் உறக்கம் வராமல் தவித்திருக்கிறீர்கள்.

தழை அறுப்பதற்கும் படிவத்தைப் பிரிப்பதற்கும் என்ன வேறுபாடு என்று பாருங்கள். தழை அறுக்கும்போது உங்கள் அறிவை யாரும் எடை போடுவதில்லை. எங்கே தொடங்க வேண்டும், எப்போது முடிந்தது என்பது கண்ணுக்குத் தெரியும். மஞ்சள் பையை எடுத்தாலோ, 11 படிவங்களில் நேர்ந்த பிழை முதலில் வந்து நிற்கிறது. அதன் பின்னால் பேராசிரியர் என்ன சொல்வாரோ என்ற பயம் நிற்கிறது. அதற்கும் பின்னால், பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்த பெண் உண்மையில் அவ்வளவு கெட்டிக்காரி இல்லையோ என்ற சந்தேகம். இந்தச் சந்தேகத்தை நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் பள்ளி முதலிடத்தை மூன்று இடங்களில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நம் மாவட்டத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளிடம் நான் இதை அடிக்கடி பார்க்கிறேன். வீட்டின் நம்பிக்கை முழுவதும் ஒரு தலையின் மேல் இருக்கும்போது, அரைகுறையாக ஒன்றைச் செய்து காட்டுவதைவிடச் செய்யாமலே இருப்பது பாதுகாப்பாகத் தோன்றிவிடுகிறது.

கனடாவில் இதை நெடுங்காலம் ஆராய்ந்த திமோதி பிச்சில், ஃபியூஷா சிரோய் ஆகியோர், தள்ளிப்போடுவதை நேர நிர்வாகத்தின் குறையாகப் பார்ப்பதைவிட, மனநிலையை உடனடியாகச் சரிசெய்துகொள்ளும் முயற்சியாகப் பார்ப்பதே பொருந்தும் என்கிறார்கள். பையை நினைத்ததும் நெஞ்சு கனக்கிறது, கைபேசியை எடுத்ததும் அந்தக் கனம் குறைகிறது. குறைந்த அந்த நிம்மதியை மனம் நினைவில் வைத்துக்கொள்கிறது, அடுத்த முறை இன்னும் விரைவாகக் கை அங்கே போகிறது. நீங்கள் ஒத்திப்போட்டது வேலையை என்று நினைக்கிறீர்கள். உண்மையில் அந்த நெஞ்சுக் கனத்தை ஒத்திப்போட்டிருக்கிறீர்கள், அது வட்டியோடு திரும்பி வந்திருக்கிறது. பிறவிக் குணம் என்று இதைச் சொல்ல முடியாது. பழகிப்போனது என்பதால், மெதுவாக வேறொன்றைப் பழக்கவும் முடியும். சிறு வயதிலிருந்தே எந்த வேலையிலும் கவனம் நிற்காமல் போகிறது என்றால் மட்டும் கவனக் குறைபாடு இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி எனக்குத் தெரியவில்லை.

நெருக்கடியில்தான் மூளை வேலை செய்யும் என்பது

இளங்கலையில் தேர்வுக்கு முந்தைய இரவில் படித்துத் தேறியதை ஆதாரமாகக் காட்டியிருக்கிறீர்கள். டயான் டைஸ், ராய் பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பருவம் முழுவதும் மாணவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, தள்ளிப்போடும் மாணவர்கள் தொடக்கத்தில் மற்றவர்களைவிட நிம்மதியாகவும் உடல்நலத்தோடும் இருந்தார்கள். பருவ முடிவில் அவர்களுக்கே மன அழுத்தமும் நோய்ப்பாடும் கூடுதலாக இருந்தன, மொத்தக் கணக்கிலும் அதிகம்தான். மதிப்பெண்ணும் குறைவாகவே வந்தது. கடைசி நேரத்தில் நமக்கு வருகிற வேகம், தப்பிக்க இனி வழியில்லை என்பதால் வருவது. ஓர் இரவில் வினா விடை படிக்க அது போதும். 60 பேருடைய விடைகளை அட்டவணையாக்கி, அதிலிருந்து ஒரு முடிவை எட்டி, ஐந்து இயல் எழுத அது போதாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நமக்கு எத்தனை நாள் ஆகும் என்று நாம் போடும் கணக்கு பெரும்பாலும் பொய்க்கும். 1994இல் கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல். எல்லாமே தவறாகப் போனால் எத்தனை நாள் என்று கேட்டபோது அவர்கள் சொன்ன கணக்கையும் அது தாண்டிவிட்டது. ஆகவே ஏழு வாரம் என்பதை ஐந்து வாரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீதி இரண்டு வாரத்தை மின்வெட்டு, காய்ச்சல், வீட்டு விசேஷம், அச்சுப் பிழை எல்லாம் தின்றுவிடும்.

முதலில் தூக்கம்

இரவு ஒரு மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுந்தால் நான்கு மணி நேரம்தான் உறக்கம். உங்கள் வயதில் உடலுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். இதை அறிவுரையின் ஓரத்தில் சொல்லிவிட்டுப் போகிற விஷயமாக நான் கருதவில்லை, உங்கள் சிக்கலின் பாதி இங்கேதான் இருக்கிறது. தூங்காத மூளைக்குப் பிடிக்காத வேலையைத் தொடங்குவதும் கடினம், பிடித்ததை நிறுத்துவதும் கடினம், பயத்தைப் பயம் என்று கண்டுகொள்வதும் கடினம். தழை வேலையை உங்களால் விட முடியாது என்பது தெரியும். ஆகவே படுக்கும் நேரத்தைத்தான் முன்னே இழுக்க வேண்டும். ஒரேயடியாகப் பத்து மணிக்குப் படுத்தால் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருப்பீர்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் முன்னதாகப் படுங்கள்.

கைபேசியை அப்பாவிடம் கொடுத்துவிட வேண்டாம். விடுபட்ட விவரங்களைக் கேட்க விவசாயிகளை அழைக்க அது வேண்டும். பேருந்து தாமதமானால் வீட்டுக்குச் சொல்ல வேண்டும். 22 வயதுப் பெண் தன் தொடர்புகளை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு நிற்பதும் நல்ல ஏற்பாடு ஆகாது. கைபேசி உங்களை ஓட வைக்கவில்லை, ஓடிப்போய் ஒளிந்துகொள்ளும் இடமாக இருக்கிறது, அவ்வளவுதான். இரவு ஒன்பதரை மணிக்கு மின்னூட்டத்துக்கு அதைச் சமையலறையில் செருகிவிட்டு, எழுப்புவதற்கு ஒரு சாதாரண அலாரம் கடிகாரத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டால் போதும்.

மஞ்சள் பையைப் பிரிப்பது

ஆய்வேடு எழுத வேண்டும் என்று உட்கார்ந்தால் யாராலும் எழுத முடியாது. அந்தச் சொல்லுக்குள் நூறு வேலை இருக்கிறது. ஒரு படிவத்திலுள்ள விடைகளைக் கணினியில் எக்செல் தாளில் ஏற்ற ஏழு நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 60 படிவத்துக்கு 420 நிமிடம், அதாவது ஏழே மணி நேரம். இரண்டு மாதமாக உங்களைத் தூங்கவிடாமல் செய்த வேலையின் அளவு இதுதான். இதைச் சொல்லி உங்களைக் குறைத்துப் பேச விரும்பவில்லை. பயத்தோடு தூரத்திலிருந்து பார்க்கிற எதுவும் பெரிதாகவே தெரியும்.

குறையுள்ள 11 படிவங்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டால் 49 மிஞ்சும். நாளொன்றுக்கு ஐந்து என்று வைத்தால் பத்து நாளில் முடியும். எப்போது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். நேரம் கிடைக்கும்போது செய்கிறேன் என்பதைவிட, இது நடந்ததும் இதைச் செய்வேன் என்று ஏற்கெனவே நடக்கும் ஒரு செயலோடு முடிச்சுப் போடுகிறவர்கள் அதிகம் முடிக்கிறார்கள் என்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளரின் ஆய்வுகள் காட்டுகின்றன. உங்களிடம் அப்படி ஒரு செயல் இருக்கிறது. மாலைத் தழை போட்டுவிட்டு, கை கால் கழுவியதும், அடுத்த வேலையாக ஐந்து படிவம். உங்களிடம் மடிக்கணினி இல்லையென்றால் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் மதிய இடைவேளையோடு அதை முடிச்சுப் போடலாம். மனம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதல் படிவத்தின் பாதியில்தான் மனம் வரும். வராத நாளிலும் ஒரு படிவத்தை ஏற்றிவிட்டு எழுந்துவிடுங்கள், அன்று அது போதும்.

அதன் பிறகு ஒரு வாரம் அட்டவணைகள், இரண்டு வாரம் மூன்று, நான்கு, ஐந்தாம் இயல்கள். இரண்டாம் இயலில் முந்தைய ஆய்வுகளை இன்னும் சேர்க்க வேண்டும் என்று நினைத்துத்தான் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. இருப்பதை வைத்து மூடிவிட்டு மேலே போங்கள், பேராசிரியர் போதாது என்றால் சேர்க்கலாம்.

புள்ளியியல் அரியரைத் தனிப் பூதமாக வைத்துக்கொள்ளாதீர்கள். தக்காளி விலையின் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் உங்கள் படிவங்களை வைத்துக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தால் அந்தத் தாளின் ஒரு பகுதி தானாகவே படிந்துவிடும். மீதிக்குப் பழைய வினாத்தாளை எடுத்து, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, தெரிந்தவரை எழுதிப் பாருங்கள். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்ப்பது ஒரு வாரம் கழித்தும் நிற்கிறது என்பதை ரோடிகர், கார்ப்பிக்கி ஆகியோரின் 2006ஆம் ஆண்டு ஆய்வு தெளிவாகக் காட்டியது.

பேராசிரியரைப் பார்க்கப் போவது

இது உங்களுக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருக்கும், ஆனாலும் இந்த வாரமே செய்ய வேண்டியது இதுதான். அவர் கோபமாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மாதமாக அவரோடு பேசவே இல்லை என்பதால் அது உங்கள் கற்பனையாகவும் இருக்கலாம். உண்மையாகவே கோபப்பட்டாலும், அந்தக் கோபம் பத்து நிமிடத்தில் முடியும். வேறு படிக்கட்டில் இறங்குவது ஏழு வாரமும் தொடரும்.

காரணங்களை அடுக்க வேண்டாம், வீட்டு நிலைமையை நீட்டிச் சொல்லவும் வேண்டாம். இவ்வளவு போதும்: "மேடம், இரண்டு மாதமாக வேலை நின்றுவிட்டது, தவறு என்னுடையது. 60 படிவம் கையில் இருக்கிறது, 11இல் குறை இருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை 25 படிவம் ஏற்றிய தாளைக் கொண்டுவந்து காட்டுகிறேன். அதற்கு அடுத்தடுத்த தேதிகளை நீங்களே குறித்துக் கொடுங்கள்." குறை இருப்பதை நீங்களே முதலில் சொல்லிவிட்டால், கண்டுபிடித்துவிடுவாரோ என்ற பயம் அங்கேயே தீர்ந்துவிடும்.

தேதிகளை அவரிடம் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டேன் ஏரியலி, கிளாஸ் வெர்ட்டன்புரோக் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தமக்குத் தாமே கெடு வைத்துக்கொண்டவர்கள், கடைசி நாள் ஒன்று மட்டுமே கொடுக்கப்பட்டவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். அவர்களையும்விட நன்றாகச் செய்தவர்கள், இன்னொருவர் சமமாகப் பிரித்துக் கொடுத்த கெடுக்களின்படி நடந்தவர்கள். புழுவுக்குப் பசிக்கும், அதனால் அது உங்களை எழுப்பிவிடும். படிவத்துக்குப் பசிக்காது, அதனால் கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும்.

4,000 ரூபாய் ஆய்வேடு

கையால் எழுதியதைத் தட்டச்சு செய்யவும், பக்கம் பிரிக்கவும், அட்டை கட்டவும் அந்த மையத்துக்குப் பணம் கொடுங்கள், அதில் தவறே இல்லை. உள்ளடக்கத்தை வாங்கினால் நிலைமை வேறு. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறை முதுநிலை ஆய்வேடுகளுக்கும் பொருந்தும். பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 விழுக்காட்டைத் தாண்டி 40 வரை இருந்தால், ஆறு மாதத்துக்கு மிகாமல் தரப்படும் காலத்துக்குள் திருத்தி ஒப்படைக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை இருந்தால், திருத்திய ஆய்வேட்டை ஓராண்டுக்கு ஒப்படைக்க முடியாது. 60ஐத் தாண்டினால் அந்தப் படிப்புக்கான பதிவே இரத்தாகும். விலைக்குச் செய்பவர்கள் ஒரே ஆய்வேட்டின் ஊர்ப் பெயரையும் பயிர்ப் பெயரையும் மாற்றிப் பலருக்கு விற்பது உண்டு. வாய்மொழித் தேர்வில் நான்காம் இயலின் ஓர் அட்டவணையைக் காட்டி இது எப்படி வந்தது என்று கேட்டால், உங்களிடம் பதில் இருக்காது. பள்ளி முதலிடம் வாங்கிய பெண்ணுக்கு அந்த ஒரு நிமிடம் எவ்வளவு கொடுமையாக இருக்கும் என்பதை நீங்கள்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். தக்காளிக் கிரேட்டுகளை வண்டியில் ஏற்றுகிற அவசரத்திலும் உங்களுக்காக நின்று, தாங்கள் வாங்கிய கடனையும் விற்ற விலையையும் மறைக்காமல் சொன்ன 60 பேரின் விடைகள் அந்த மஞ்சள் பையில் இருக்கின்றன. அவை எந்தக் கடையிலும் கிடைக்காது.

நிறுத்திவிட்டால்

தொலைநிலைக் கல்வியில் முடிப்பது கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை, பலருக்கு அதுதான் வழி. ஆனால் நீங்கள் மூன்று பருவங்களைத் தாண்டி வந்துவிட்டீர்கள். வேறொரு நிறுவனத்தில் சேர்ந்தால் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அங்கே கேட்பதற்குப் பேராசிரியரும் அருகில் இருக்கமாட்டார். தள்ளிப்போடும் பழக்கம் உள்ளவருக்கு அது இன்னும் கடினமான ஏற்பாடு. ஏழு வாரத்தில் உண்மையாகவே முடியாது என்று ஐந்தாவது வாரத்தில் தெரிந்தால், படிப்பிலிருந்து விலகாமலே ஆய்வேட்டை அடுத்த பருவத்தில் ஒப்படைக்க வழி உண்டா, கட்டணம் எவ்வளவு என்பதைத் துறைத் தலைவரிடமும் தேர்வுப் பிரிவிலும் எழுத்து வழியாகக் கேளுங்கள். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

"படித்தது போதும், மாப்பிள்ளை பார்க்கலாம்" என்று பெரியம்மா சொல்லத் தொடங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் அது நடக்கக்கூடாது. சட்டமும் உங்கள் பக்கமே நிற்கிறது. வற்புறுத்தல் எல்லை மீறினால் 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. இப்போதைக்கு அப்பாவிடம், ஒப்படைக்கும் தேதி இது, அதுவரை இந்தப் பேச்சு வேண்டாம் என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உங்களை இத்தனை தூரம் படிக்கவைத்தவர் அவர்தான் என்பதால், கேட்பார் என்றே நினைக்கிறேன்.

கடிதம் முழுக்க உங்களை நீங்களே திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். திட்டினால் திருந்துவோம் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கை. 2010இல் பிச்சிலும் அவருடைய சக ஆய்வாளர்களும் முதலாம் ஆண்டு மாணவர்களிடம் கண்டது வேறு. முதல் தேர்வுக்குப் படிக்காமல் ஒத்திப்போட்டதற்காகத் தம்மை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்கு முன்பு குறைவாகவே ஒத்திப்போட்டார்கள். திட்டத் திட்ட அந்த மஞ்சள் பையின் கனம்தான் கூடும். இரண்டு மாதம் போனது போனதுதான், அதற்காக ஒரு முறை வருந்திவிட்டு விட்டுவிடுங்கள்.

குறையுள்ள 11 படிவங்களுக்கு மீண்டும் ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. விடுபட்டவை சாகுபடிப் பரப்பும் கடன் தொகையும்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் தொலைபேசியிலேயே கேட்டு வாங்கக்கூடியவை, ஒருவருக்கு மூன்று நிமிடம் ஆகும். நாளுக்கு இரண்டு பேரை அழைத்தால் ஆறு நாள். கிடைக்காதவர் இரண்டு மூன்று பேர் இருந்தால், அவர்களை விட்டுவிட்டு 57 அல்லது 58 பேரின் விடைகளை வைத்தே எழுதலாமா என்று மேடத்திடம் கேளுங்கள், காரணத்தை ஆய்வேட்டிலேயே ஒரு வரியில் குறித்துவிடலாம். காலையில் அழைக்க வேண்டாம், பறிப்பும் மண்டியுமாக இருப்பார்கள். மாலை ஏழு மணிக்கு மேல் அழையுங்கள், அப்போது வீட்டில் இருப்பார்கள்.